அரை மணித்தியாலத்தில் பியானோ பயிற்சி: புதிதாகக் கற்பவர்கள் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

"ரீச்சர், நேற்று ஒரு மணித்தியாலம் வாசிச்சனான்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளை, வாசிக்கத் தொடங்கியதும் போன கிழமை தடுக்கிய அதே ஒன்பதாவது பாரில் (இசைக் குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம்) மறுபடியும் தடுக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் பியானோவுக்கு முன்னால் இருந்தது உண்மை. பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பத்துப் பதினைந்து தரம் வாசித்ததும் உண்மை. ஒன்பதாவது பாரைத் தனியாக எடுத்து ஒரு தரமும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். நான் கற்கத் தொடங்கியதே இருபத்தெட்டு வயதில், வேலைக்குப் போய்வந்துகொண்டு. ஆகவே "நேரம் கிடைக்கவில்லை" என்று பெற்றோரோ பெரியவர்களோ சொல்லும்போது அது சாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அரை மணித்தியாலம் போதும். உட்காருவதற்கு முன்பே இன்று எதைத் திருத்தப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நேரத்தை வேறொரு வேலையோடு கட்டுங்கள்

"பின்னேரம் வாசிப்பேன்" என்று வைத்தால் பின்னேரம் வந்து போய்விடும். "பின்னேரத் தேநீர் குடித்த கையோடு" என்று வையுங்கள். அல்லது "காலையில் முகம் கழுவிய பிறகு, சீருடை போட முன்". பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குவதால் ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளைக்குக் காலையில் பதினைந்து நிமிடம் கிடைக்கும். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ரியூசனுக்கு ஓடி, ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இரவு இன்னொரு பதினைந்து. ஒரே இருப்பில் முப்பது நிமிடம் கிடைக்காவிட்டால் இப்படி இரண்டாகப் பிரிப்பதில் நட்டம் எதுவும் இல்லை. இலாபம்தான். இடையில் கிடைக்கும் ஓய்வில் மூளை வேலை செய்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே ஞாபகம் பற்றித் தன்னையே வைத்துச் செய்த சோதனைகளில், ஒரே நாளில் அடுக்கிப் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படிப்பது மேல் என்று கண்டார்.

நம்முடைய ஊருக்கு ஒரு குறிப்பு. கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் மதியம் இரண்டு மூன்று மணிக்குப் பியானோவுக்கு முன் இருக்க வேண்டாம். விரல் நுனி வியர்த்துக் கட்டைகளில் வழுக்கும், மனமும் நிற்காது. விடியற்காலை, அல்லது கடற்காற்று வந்த பிறகு.

எவ்வளவு நேரம்? ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பத்து வயதுக்கு மேல், பெரியவர்கள் உட்பட, தொடக்க வருடத்தில் முப்பது நிமிடம். கிழமையில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மூன்று மணித்தியாலம் வாசிப்பவரைவிட இவர்தான் முன்னேறுவார்.

படி 2: பியானோவை எப்போதும் திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்

நான் பார்த்த வீடுகளில் பயிற்சி நின்றுபோனதற்குப் பெரிய காரணம் அலுமாரி. கீபோர்டைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். இறக்கி, மேசை துடைத்து, வயர் கொழுவுவதற்கே பத்து நிமிடம் போய்விடும். ஸ்டாண்டில் நிரந்தரமாக வையுங்கள். கடல் ஈரமும் உப்பும் படாமல் இருக்கப் பருத்தித் துணி ஒன்றால் மூடினால் போதும். மரப் பியானோ வைத்திருப்பவர்கள் கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாரியில் மரமும் உள்ளே இருக்கும் கம்பளித் துணியும் ஈரம் குடித்துக் கட்டைகள் இறுகும், கம்பிகளில் துரு ஏறும்.

கதிரையின் உயரத்தையும் பாருங்கள். கையைக் கட்டையில் வைக்கும்போது முழங்கை ஏறத்தாழ கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். பிளாஸ்டிக் கதிரை பதிவாக இருந்தால் மடித்த போர்வை ஒன்றைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சில், ஒரு கொப்பி. போனை மெட்ரோநோமுக்காக (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தாளம் காட்டுவது) வைத்திருப்பவர்கள் பிளைட் மோடில் போடுங்கள்.

படி 3: உட்கார முன் மூன்று வரி

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொப்பியில் இன்றைய திகதியைப் போட்டு மூன்று வரி எழுதுங்கள். "பாட்டுப் பயிற்சி" என்று எழுதினால் அது வேலை இல்லை. இப்படி எழுத வேண்டும்:

பார் 9, 10. இடது கை மட்டும். வேகம் 60.
எஃப் மேஜர் ஸ்கேல், வலது கை. நாலாம் விரலுக்குப் பிறகு பெருவிரல்.
பழைய பாட்டு, நிறுத்தாமல் ஒரு தரம்.

வாசித்து முடித்ததும் "செய்தேனா இல்லையா" என்று உங்களாலேயே சொல்லக்கூடிய அளவுக்கு வரி சின்னதாக இருக்க வேண்டும். எழுத வராத சின்னப் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ எழுதலாம். ஆனால் என்ன எழுதுவது என்று பிள்ளையே சொல்லட்டும். "எந்த இடத்தில தடுக்குது?" என்று கேட்டால் போதும், பிள்ளைகளுக்குத் தெரியும்.

படி 4: முப்பது நிமிடத்தைப் பிரித்தல்

நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இது. முதல் ஐந்து நிமிடம் ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசித்தல். அடுத்த பன்னிரண்டு நிமிடம் கடினமான இடம். பிறகு ஐந்து நிமிடம் புதிதாக நோட்ஸ் (தாளில் உள்ள இசைக் குறிப்பு) பார்த்து வாசித்தல், ஐந்து நிமிடம் பழைய பாட்டு. கடைசி மூன்று நிமிடம் கொப்பி. நிமிடக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் கடினமான இடத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம், அதற்குள் கவனம் தேய்ந்துவிடும்.

ஸ்கேலில் விரல் எண்தான் உயிர். பெருவிரல் 1, சின்னவிரல் 5. சி மேஜர் ஒரு ஒக்டேவ் (சியிலிருந்து அடுத்த சி வரை எட்டு ஸ்வரம்) ஏறும்போது வலது கை 1 2 3 1 2 3 4 5, இடது கை 5 4 3 2 1 3 2 1. எஃப் மேஜரில் வலது கை மட்டும் மாறும்: 1 2 3 4 1 2 3 4. காரணம், நாலாவது ஸ்வரம் கறுப்புக் கட்டையில் வருகிறது, அந்தக் குட்டைக் கட்டைக்குப் பெருவிரல் வசதியில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஸ்கேல் போதும், ஆனால் மெதுவாக, சத்தம் ஒரே அளவாக.

படி 5: கடினமான இடத்தில் அந்தப் பன்னிரண்டு நிமிடம்

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் முன்னேற்றம் நடப்பது இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான்.

பிழை எங்கே என்று சரியாகப் பிடியுங்கள். ஒன்பதாவது பார் பிழைக்கிறது என்றால் பிழை பெரும்பாலும் ஒன்பதுக்குள் இருக்காது. எட்டின் கடைசி ஸ்வரத்திலிருந்து ஒன்பதின் முதல் ஸ்வரத்துக்குக் கை தாவும் இடத்தில் இருக்கும். அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் எடுங்கள். கை எங்கிருந்து எங்கே போகிறது, எந்த விரல் முதலில் போய் இறங்க வேண்டும் என்று சத்தமில்லாமல் ஐந்தாறு தரம் போய்வாருங்கள். விரல் எண்ணைப் பென்சிலால் நோட்ஸின் மேல் எழுதுங்கள். நாளைக்கு வேறு விரலால் வாசித்தால் இன்றைய வேலை வீண்.

பிறகு ஒரு கை மட்டும். மெட்ரோநோமை 50இல் வையுங்கள், அதாவது நொடிக்கு ஒரு பீட்டையும்விடக் கொஞ்சம் மெதுவாக. பிழையில்லாமல் வந்தால் 4 கூட்டி 54, பிறகு 58. பிழைத்தால் ஒரு படி இறங்குங்கள். மற்றக் கையும் அப்படியே. இரண்டு கையும் தனித்தனியே 66இல் ஒழுங்காக வந்த பிறகு சேர்க்கலாம், ஆனால் சேர்க்கும்போது வேகம் மறுபடி 50.

"எத்தனை தரம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். என் மேசையில் நிலாவெளிக் கடற்கரையில் பொறுக்கிய ஐந்து சிப்பிகள் இருக்கின்றன. பிழையில்லாமல் ஒரு தரம் வாசித்தால் ஒரு சிப்பியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். பிழைத்தால் நகர்த்தியவை எல்லாம் திரும்ப வரும். ஐந்தும் வலப்பக்கம் சேர்ந்தால் அந்த இடம் இன்றைக்கு முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று சிப்பி போதும், ஒன்று மட்டும் திரும்ப வரட்டும். எல்லாம் திரும்ப வந்தால் அழுகிறார்கள், அழுதுகொண்டு யாரும் எதையும் கற்பதில்லை.

தொடர்ந்து மூன்று தரம் பிழைத்தால் நிறுத்துங்கள். நாலாவது தரமும் அதே வேகத்தில் முயன்றால் விரல் பிழையைத்தான் பாடமாக்கும். வேகத்தைப் பாதியாக்குங்கள், அல்லது அந்த இடத்தை விட்டு நோட்ஸ் வாசிக்கப் போய் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்புங்கள். திரும்பி வரும்போது அது கொஞ்சம் இளகியிருக்கும். இரவு படுத்து எழும்பினால் இன்னும் இளகியிருக்கும். நேற்று வராதது காலையில் வந்துவிடுவதைப் பல தரம் அனுபவித்திருக்கிறேன்.

புதுப் பாட்டு என்றால் கடைசி நாலு பாரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். முதலிலிருந்தே தொடங்குபவர்களுக்கு முதல் பக்கம் பளபளவென்று இருக்கும், கடைசிப் பக்கம் எப்போதும் பயம். பின்னாலிருந்து கற்றால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

படி 6: கரண்ட் இல்லாவிட்டால்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது என் கீபோர்ட் பலகை மாதிரிக் கிடந்தது. அந்த நாட்களில் கண்டுபிடித்த பழக்கத்தை இன்றும் விடவில்லை. நோட்ஸை மேசையில் விரித்து, வலது கை ஸ்வரத்தின் நீளங்களை மட்டும் கைதட்டி எண்ணுங்கள். அப்புறம் வலது கையால் வலது கையின் தாளத்தையும் இடது கையால் இடது கையின் தாளத்தையும் மேசையில் தட்டுங்கள். இரண்டு கையும் சேராமல் தவிப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கட்டை, விரல், ஸ்வரம் என்ற கவலை இல்லாமல் தாளம் மட்டும் மிஞ்சுவதால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

படி 7: கிழமையைப் பார்த்தல்

வகுப்பு முடிந்த அடுத்த நாளைத் தவறவிடாதீர்கள். ரீச்சர் சொன்னது அப்போதுதான் காதில் இருக்கும். வகுப்புக்கு முதல் நாள் மட்டும் ஓடியோடி வாசிப்பது நிறையப் பேரிடம் உள்ள பழக்கம். அதில் பிழைகளை மறைக்கத்தான் நேரம் போகும், திருத்த நேரம் இருக்காது.

பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு கணக்கு. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபை நடத்தும் வழமையான செய்முறைப் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளி, சித்தியடைய 100. மூன்று பாட்டுக்கும் தலா 30 வீதம் 90. ஸ்கேல் வகைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டுப் பதில் சொல்லும் காதுப் பரீட்சைக்கு 18. ஆக, மூன்று பாட்டையும் குறையே இல்லாமல் வாசித்தாலும் 90 தான். பரீட்சை நெருங்கும்போது வீடுகளில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் வாசிக்க வைக்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஸ்கேலுக்கான ஐந்து நிமிடத்தையும் நோட்ஸ் வாசிக்கும் ஐந்து நிமிடத்தையும் பரீட்சைக்கு முதல் நாள் வரை தொடாதீர்கள்.

காளி கோயில் திருவிழா வரும், தவணைப் பரீட்சை வரும், வீட்டில் விருந்தாளிகள் வருவார்கள். அந்த நாட்களில் ஐந்து நிமிடம் ஸ்கேல் மட்டும், அதுவும் முடியாவிட்டால் ஒரு நாள் விடுங்கள். விட்ட நாளுக்காக அடுத்த நாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். மணிக்கட்டிலோ முன்கையிலோ நோவு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நோவைத் தாங்கிக்கொண்டு வாசித்து யாருடைய கையும் பலமானதில்லை.

படி 8: கடைசி மூன்று நிமிடம்

பியானோவை மூட முன் கொப்பியை எடுத்து, உட்கார முன் எழுதிய மூன்று வரிக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "பார் 9 இடது கை 62 வரை வந்தது. சேர்க்கவில்லை." அதன் கீழேயே நாளைய முதல் வரி: "பார் 9 இரண்டு கையும், 50." நாளைக்கு வந்து உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமைகளில் பழைய பாட்டைப் போனில் பதிவு செய்யுங்கள். வாசித்த கையோடு கேட்க வேண்டாம், அப்போது பிழை மட்டும்தான் கேட்கும். அடுத்த நாள் டச் பே கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும்போது காதில் போட்டு ஒரு தரம் கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கால் தாளத்தை விட்டு நிற்கிறதோ, அந்தப் பாரின் எண்ணைத் திங்கட்கிழமைக் கொப்பியின் முதல் வரியில் எழுதுங்கள்.