'இசை: பாரம்பரியம்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள்

போன மாதம் அயர்லாந்தின் கெர்ரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு நாட்டார் நிகழ்த்துகுழு, தங்கள் முதல் கூட்டுத் தயாரிப்பின் விண்ணப்பத்தை என்னிடம் பார்க்கக் கொடுத்தது. எல்லாரும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். பிடிலும் ஆட்டமும் அபாரம். கூட்டாளிகளாக ஓர் அருங்காட்சியகம், ஒரு நவீன நடனக் குழு, பிரான்சின் பிரிட்டனியிலிருந்து இரண்டு வாத்தியக்காரர்கள். நான்காம் பக்கத்தில் 'இசை: பாரம்பரியம்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. நான் முதன்முதலில் எழுதிய விண்ணப்பத்திலும் அச்சு அசலாக இதே வரிதான் இருந்தது. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. பதினாலு வருஷமாகக் கெர்ரியின் டிராலியில் இருக்கிறேன். ஐரிஷ் நாட்டார் குழுக்களுக்கும் அவர்களோடு சேர வருகிறவர்களுக்கும் நடுவில் நின்று ஒருங்கிணைப்பதுதான் வேலை. டப்ளினிலும் லிமரிக்கிலும் நம் பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் இந்தக் குழுக்களோடு சேர ஆரம்பித்திருக்கிறார்கள், அதனால் தமிழில் எழுதுகிறேன். ஒப்பந்தம் போடுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

சுருதியை முதல் நாளே கேட்காமல் விடுவது

இல்லன் பைப்ஸ் என்பது ஒரு முழங்கைக்கு அடியில் துருத்தி, இன்னொரு கைக்கு அடியில் பை என்று உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம். 2017-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலும் 'டி' சுருதியில், அதாவது நம் இரண்டு கட்டையில் செய்யப்படுவது. நாணல் சீவாளி ஈரக்காற்றுக்குக் கொஞ்சம் ஏறும், இறங்கும். அவ்வளவுதான் அதன் நெகிழ்வு. 'அரைக்கட்டை ஏற்றுங்களேன்' என்று கேட்டால் அந்தக் கலைஞர் வேறு ஒரு வாத்தியம்தான் வாங்கவேண்டும். பிரிட்டனியின் ஊதுகுழலான பொம்பார்ட் பொதுவாக ஆறரைக் கட்டை. இரண்டையும் ஒரே அறையில் வைத்துவிட்டு, முதல் ஒத்திகையில் இரண்டு மணி நேரம் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். நம் பாடகி ஐந்து கட்டை என்றால் பிரச்சினையில்லை, பைப்ஸ் அந்தச் சுருதியிலும் சரளமாகப் போகும். ஐந்தரை என்றால் முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

தரை

ஐரிஷ் ஆட்டத்தில் காலும் ஒரு வாத்தியம். அந்தக் காலத்தில் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஆடினார்கள். நவீன நடனக்காரர்களுக்கோ வெறுங்காலுக்கு இதமான வினைல் விரிப்பு வேண்டும். கடினக் காலணியின் முனை அந்த விரிப்பைக் கிழித்துவிடும். விரிப்போ காலடி ஓசையை விழுங்கிவிடும். மேடையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் மரப்பலகை போடுங்கள். அதற்கான செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் காட்டுங்கள்.

'மரபுதானே, யாருக்கும் சொந்தமில்லை'

இன்னமும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

மேற்குக் கெர்ரியில், ஐரிஷ் மொழி வீட்டில் புழங்கும் கேல்டாக்ட் பகுதியில், எழுபது தாண்டிய ஒரு பாடகி இருக்கிறார். ஷன்-நோஸ் பாடுகிறவர். பக்கவாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, ஒற்றைக் குரலும் மூச்சும்தான். அவர் சமையலறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எங்கள் நிகழ்ச்சிக்காக ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தார். பாடுவதற்கு முன்னால், இதை அத்தையிடம் கற்றேன், அத்தை எந்த வீட்டில் கேட்டாள் என்று வரிசையாகச் சொன்னார். பாட்டோடு அந்த வரிசையையும் சேர்த்துத் தருவது அவர்கள் வழக்கம். நான் பாட்டைப் பதிந்தேன். வரிசையை எழுதிக்கொள்ளவில்லை.

எங்களோடு சேர்ந்திருந்த நகரத்து நிறுவனம் அந்த ஒத்திகைப் பதிவை எடுத்து, அடியில் எந்திரத் தாளம் போட்டு, விளம்பரக் காணொளி ஆக்கியது. கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று இருந்தது. ஒப்பந்தத்தில் 'மரபு இசையை இரு தரப்பும் பயன்படுத்தலாம்' என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த அம்மா தன் குரலைப் பேரனின் கைபேசியில் கேட்டார். என்னைத் திட்டவில்லை. "அது எங்க அத்தை பாட்டும்மா" என்று மட்டும் சொன்னார். தொடக்க நாளன்று சளி என்று சொல்லி வரவில்லை.

காணொளியை இறக்கினோம். நிகழ்ச்சிக் கையேட்டை மறுபடி அச்சடித்தோம். அந்தப் பாட்டைச் சுற்றிக் கட்டியிருந்த எட்டு நிமிடக் காட்சியை எடுத்துவிட்டதால் ஆட்டக்காரர்கள் நான்கு நாள் கூடுதலாக ஒத்திகை பார்த்தார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்தச் சமையலறைக்குத் திரும்பப் போக எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

சட்டமும் இதில் உங்களைக் காப்பாற்றாது. மரபு என்று எல்லாரும் நினைக்கிற எத்தனையோ மெட்டுகளுக்கு இயற்றியவர் உண்டு. பஞ்ச காலத்துப் பழம்பாட்டு என்று பலரும் நம்பும் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதென்ரை'யை பீட் செயின்ட் ஜான் எழுதியது 1979-ல். கிழக்கு கால்வேயின் பேடி ஃபேஹி தன் மெட்டுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. எல்லாமே 'பேடி ஃபேஹியுடையது' என்றுதான் வழங்குகின்றன. அவர் இறந்தது 2019-ல். இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. வாத்தியக்காரர் 'அப்பாவிடம் கற்றேன்' என்றால், அப்பா யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். நிஜமாகவே பழைய மெட்டாக இருந்தாலும், அதற்கு நீங்கள் செய்த இசையமைப்பை உரிமை அமைப்பான இம்ரோவில் பதியலாம். இரண்டு குழுக்கள் சேர்ந்து அமைத்திருந்தால் யார் பெயரில், எந்தப் பங்கில் என்பதை ஒத்திகைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

இப்போது நான் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு தாள் வைக்கிறேன். யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார், எந்த ஊர், யார் பதிவு செய்தது. அதன் கீழே மேடை, ஒலிப்பதிவு, காணொளி, விளம்பரம் என்று நான்கு கட்டங்கள். நான்குக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கிறேன். மேடைக்குச் சரி என்றவர் விளம்பரத்துக்கு வேண்டாம் என்பார், அது அவர் உரிமை. கூட்டாளி நிறுவனம் இந்தத் தாளில் கையெழுத்துப் போடத் தயங்கினால் அந்தக் கூட்டுக்கு நான் போவதில்லை.

டிராலியிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தேசிய நாட்டார் அரங்கான ஷீம்சா டீரா 1974-ல் தொடங்கியது. அதன் ஆட்டத்துக்கு அடிப்படை வடக்குக் கெர்ரியின் நடன ஆசான் ஜெர்ரி மோலினோவின் அடவுகள். அவரிடம் நேரில் கற்றவர்கள் மூலமாக அவை அரங்குக்கு வந்தன. இன்றும் அந்தப் பாணி அவர் பெயரால்தான் வழங்குகிறது.

காப்பகத்தைக் கடைசி வாரத்தில் தேடுவது

டப்ளின் மெரியன் சதுக்கத்தில் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இருக்கிறது, 1987-ல் தொடங்கியது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு இருக்கிறது. 1937–39-ல் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளும் வழக்கங்களும் அதில்தான், சுமார் 7,40,000 பக்கம். இணையத்திலேயே ஊர் ஊராகப் படிக்கலாம். நிகழ்ச்சியைக் கட்டி முடித்துவிட்டு, கையேட்டில் சின்னம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பதற்காக அவர்களிடம் போகாதீர்கள். கதை முடிவாகும் முன்பே போய் உட்காருங்கள். டிசம்பர் 26-ல் வைக்கோல் முகமூடியோடு வீடு வீடாகப் போகும் ரென் நாள் வழக்கம் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே எப்படி மாறுகிறது என்பதை அங்கே படித்த பிறகு, எங்கள் ஒரு காட்சி முழுக்க மாறியது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காப்பகம் அனுமதி கொடுத்தாலும், பாடியவரின் குடும்பத்திடம் ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட்

ஃப்ளா என்னும் பெரிய ஐரிஷ் இசைவிழா, பிரிட்டனியின் லோரியான் விழா இரண்டும் அப்போதுதான். ஒத்திகை வைக்காதீர்கள். ஜூலை முதல் பாதியிலும் யோசியுங்கள். பைப்ஸ்காரர்கள் பாதிப்பேர் மில்டவுன் மால்பேயில் நடக்கும் மரபிசைக் கோடைப் பள்ளியில் இருப்பார்கள்.

ஐரிஷ் மொழியில் தலைப்பு

அகராதியைப் பார்த்து நீங்களே வைக்காதீர்கள். உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு விட்டுப்போனால் 'ஷான்' என்ற ஆள் பெயர் 'ஷன்' ஆகி, 'பழைய' என்று அர்த்தம் தரும்.

போஸ்டரில் அயர்லாந்துச் சின்னமான ஷாம்ராக் இலை

வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் சொன்ன தாளின் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. மூன்றாவது மெட்டை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் மகள் லிஸ்டோவெலில் இருக்கிறாராம். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள்.