பேஸ் மிகுந்த ஹெட்ஃபோனை நியாயமாகக் கேட்டுப் பார்ப்பது எப்படி?

பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, தூக்கலான ஹெட்ஃபோன் என்றதும் அதைக் காதில் வைத்துப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடும் பழக்கம் ஒலி ஆர்வலர்கள் பலரிடம் உண்டு. அது நியாயமன்று என்பதே என் உறுதியான எண்ணம். 1933இல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது தாழ்ந்த அதிர்வெண்களை நம் செவி மற்றவற்றைவிடக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே மெதுவாக வைத்துக் கேட்பவருக்குச் சற்றுக் கூடுதல் பேஸ் தேவைப்படுவது இயல்பே.

முதலில் காதுறை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியின் காம்பு உறையைச் சற்றே தூக்கினாலும் அந்த இடைவெளி வழியே பேஸ் கசிந்துவிடும். அடுத்து, ஒப்பிடும் இரண்டு ஹெட்ஃபோன்களிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் ஒலிக்குமாறு சரிசெய்யுங்கள். சத்தம் கூடுதலாக உள்ளதே சிறந்தது என்று காது எளிதில் ஏமாறும் என்பதால் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

பிறகு, நன்கு பழகிய ஒரு பாடலில் பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியை, அதாவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும் சுரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தொடங்கி முடிகிறதா, அல்லது எல்லாம் ஒரே முழக்கமாகக் கலந்துவிடுகிறதா? பேஸின் அளவு ரசனையைச் சார்ந்தது. தெளிவு கெடுவதுதான் குறை. 200 ஹெர்ட்ஸ் அருகே ஒலி வீங்கியிருந்தால் ஆண் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். அவ்வாறிருந்தால், ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபல் குறைத்து மீண்டும் கேளுங்கள். குரல் தெளிந்து வந்தால் அந்த ஹெட்ஃபோனைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.