பழைய டிராக்டருக்குப் புது ஸ்டிக்கர்: எங்கே சறுக்குகிறோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழா நெருங்கினால் என் ஸ்டிக்கர் கடைக்கு ஒரு தனி வகை வாடிக்கையாளர் வருவார். ரதம் இழுக்கும் பழைய மாஸி பெர்குசன் டிராக்டருக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருப்பார். "தம்பி, பேரும் கோடும் மட்டும்தான் பாக்கி. நாளைக்குள்ள போட்டுக் குடு" என்பார். பழைய ஸ்டிக்கர் எங்கே அண்ணே என்று கேட்டால், "சுரண்டித் தூக்கிப் போட்டாச்சே" என்பார். பாதி வேலை அங்கேயே கெட்டுப்போயிருக்கும்.

சாண்ட்பேப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் பானெட்டைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பாருங்கள். ஸ்டிக்கர் முழுக்க உதிர்ந்துபோயிருந்தாலும் அதன் நிழல் இருக்கும். அது ஒட்டியிருந்த இடத்தில் வெயில் படாததால் அடியிலிருந்த பெயிண்ட் சுற்றியுள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும், எழுத்தின் ஓரம்கூடத் தடவினால் விரலில் படும். மிச்சமிருக்கும் துண்டைவிட இந்த நிழலைத்தான் நான் நம்புவேன். பழைய வினைல் (ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் தாள்) வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கும், அதை அளந்து வெட்டினால் புதியதும் சிறிதாகத்தான் வரும்.

இந்த நிழலைக் கைபேசியில் படம் பிடித்து அப்படியே கோடு போடுவது அடுத்த சறுக்கல். எனக்கும் நடந்ததுதான். முதன்முதலில் செய்த மாஸி 135 மாடல் வண்டிக்குச் சாய்வாக நின்று எடுத்த ஒரே படத்தை வைத்து வரைந்தேன். வெட்டி ஒட்டிப் பார்த்தால் கடைசி எழுத்து முதல் எழுத்தைவிடக் குட்டை. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பேரன்தான், "தாத்தா, பேர் ஒரு பக்கம் சாயுது" என்றான். அன்றிலிருந்து டிரேசிங் பேப்பரைப் பானெட்டின் மேலேயே டேப் போட்டு ஒட்டி, பென்சிலால் நிழலைத் தேய்த்து எடுக்கிறேன். பானெட் வளைவாக இருப்பதால் படத்தில் வராத நீளம் தாளில் சரியாக விழும். பானெட்டின் விளிம்பிலிருந்தும் போல்ட் ஓட்டையிலிருந்தும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுவேன். படமும் வேண்டும், ஆனால் நேர் எதிரே கொஞ்சம் தள்ளி நின்று, இரும்பு ரூலரைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பி இறங்குகிறவர்கள் மாடலைத் தவறவிடுகிறார்கள். மாஸி 35 வந்தது 1957-இல். 1964 கடைசியில் 135 வந்தது. 35-இலேயே ஆரம்ப டீசல் வண்டிகளில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு எஞ்சின், 1959 வாக்கில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். யாரோ எங்கோ அழகுபடுத்திய வண்டியின் படத்தைப் பார்த்து ஒட்டினால், விவரம் தெரிந்த பழைய டிரைவர் ஒருவர் தூரத்திலிருந்தே சிரிப்பார். சீரியல் நம்பரை வைத்து வண்டியின் ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டு மாடலுக்கும் ரெடிமேட் செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதை வாங்கினாலும் உங்கள் டிரேசிங்கோடு வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை, "இதே மாதிரி ஃபாண்ட் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எழுத்துகள் பலவும் கையால் வரைந்தவை. ஒத்த ஃபாண்டில் ஏதாவது ஓர் எழுத்தின் வயிறு உப்பியிருக்கும். கணினியின் தானியங்கி டிரேஸும் கூரான மூலைகளை மழுங்கடித்துவிடும். பொறுமையாக ஒவ்வொரு மூலையாகக் கையால் போடத்தான் வேண்டும்.

வினைலில் கை வைக்கும் முன் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, வண்டியில் டேப் போட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை. அதிலும் ஒரு பொறி உண்டு. அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு விழுந்திருந்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கி வரும். நூறு சதவீதம் என்று வைத்து, வந்த தாளில் ரூலர் வைத்துப் பாருங்கள்.

இடது பக்கத்தை வரைந்து அப்படியே திருப்பி வலதுக்குப் போடுவதும் நடக்கிறது. கோடு திரும்பலாம். பெயர் திரும்பினால் கண்ணாடியில் படிக்க வேண்டியதுதான்.

நிறத்தில் இரண்டு விஷயம். சிவப்புப் பெயிண்டின் மேல் ஒட்ட, அடி தெரியும் நிறமில்லாத வினைலில் அச்சடித்தால், அடியில் வெள்ளை மை இல்லாவிட்டால் மஞ்சள்கூட மங்கிவிடும். வெள்ளை மை போடும் எந்திரம் எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுவிட்டே கொடுங்கள். வெள்ளி நிறத்தை நான்கு மை அச்சு கொண்டுவர முடியாது, சாம்பல்தான் வரும். வெள்ளி வினைலை வெட்டி ஒட்டுவதே வழி.

வினைலில் மலிவானது கேலண்டர்டு. உருளைகளில் அழுத்தி இழுத்துச் செய்வதால், பழைய அளவுக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு வருஷத்தில் ஓரம் சுருண்டு, சுற்றிலும் பசை கோடாகத் தெரியும். காஸ்ட் வினைல் மெல்லியது, வளைவில் படியும், சுருங்காது. ரிங்கிட் அதிகம்தான், ஆனால் பானெட்டுக்கு வேண்டியது ஒரு துண்டு. அதன்மேல் லேமினேட் என்ற பாதுகாப்புப் படலம் இல்லாவிட்டால் வெயிலில் மை வெளுக்கும். டீசல் டாங்கி பானெட்டுக்கு அடியில்தான், ஊற்றும்போது வழிந்தால் மையும் பசையும் இளகும். சால்வென்ட் மையில் அச்சடித்ததை ஒரு நாளாவது காயவிட்டே லேமினேட் போட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட ஆவி பசையைக் கெடுக்கும்.

திருவிழா அவசரத்துக்குப் பலியாவது பெரும்பாலும் பெயிண்ட்தான். சாதாரண எனாமல் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே தின்னர் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வினைலைப் போட்டு மூடினால் இரண்டே நாளில் கொப்புளம். மழைக்காலத்தில் மூன்று வாரம் விடுங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள், வாசனை இருந்தால் இன்னும் காத்திருங்கள். ஒட்டும்போது நிழலில் ஒட்டுங்கள். மத்தியான வெயிலில் சுட்ட தகரத்தில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது.

பெயரும் கோடும் தவறினால் அழகுதான் போகும். கியர் வரைபடமும் எச்சரிக்கை ஸ்டிக்கரும் அப்படியில்லை. வேறு மாடலின் கியர் படத்தை ஒட்டிவிட்டு, புதிதாக ஓட்டுகிறவர் அதை நம்பிப் போட்ட கியர் ரிவர்ஸாக இருந்தால் பின்னால் நிற்பவர் கதி என்ன? முன்பு தோட்டத்தில் மின்சாரம் எடுத்த லிஸ்டர் எஞ்சினின் தகடும் அப்படித்தான். 5/1 என்ற மாடல் ஓட வேண்டியது நிமிடத்துக்கு 600 சுற்று, 6/1 என்றால் 650. ஒன்றின் தகட்டைப் பார்த்து மற்றொன்றுக்குச் செய்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை யாராவது அதற்கேற்பத் திருகிவிடுவார்கள். சீரியல் நம்பர் தகட்டை மட்டும் நான் புதிதாகச் செய்து தருவதே இல்லை. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அசல்தான் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு ஒரு செட் போட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். கம்பெனி சின்னத்தை நூறு அச்சடித்து இணையத்தில் விற்றால் அது வியாபாரம், வக்கீல் கடிதம் வரும்.

ஒட்டி முடித்த மறுநாளே ஹை பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள். போன வருஷம் ரதம் புறப்படும் காலையில் வண்டி பளபளக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் ஓரத்திலேயே குறிவைத்து அடித்தார். 135-இன் 5 பறந்து கால்வாயில் விழுந்தது. சாமி அன்று 13-இல்தான் ஊர்வலம் போனார்.