பொறாமைக்கார மன்னன்: சரித்திர சாகச நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1661 செப்டம்பர் 5. பிரான்சின் மேற்கே நாந்த் நகரக் கோட்டை. காலை ஆலோசனைக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருக்கிறார்கள். நிதித்துறை முழுவதையும் கையில் வைத்திருந்த நிக்கோலா ஃபூக்கேயை மட்டும் மன்னன் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்கிறான். ஒன்று மாற்றி ஒன்றாக எதையோ கேட்கிறான். ஏதோ காகிதத்தைத் தேடுவதுபோல் பாவனை செய்கிறான். கண் மட்டும் ஜன்னல் பக்கம். கீழே முற்றத்தில் மன்னனின் மெய்க்காவல் படை அதிகாரி தார்தன்யான் வந்து நிற்பது தெரிந்த பிறகுதான் ஃபூக்கேக்குப் போக விடை கிடைக்கிறது. சற்று நேரத்தில் கைது.

அந்த மன்னன் பதினான்காம் லூயி. அன்று அவனுக்கு 23 வயது நிறைந்த நாள். காகிதம் தேடுவதுபோல் நடித்ததை அன்றைக்கே தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவனே சொல்லியிருக்கிறான்.

இதே காட்சியை நம் சரித்திர நாவல் வரைவுகளில் எப்படி எழுதுகிறோம்? "மன்னனின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்தன. பற்களை நறநறவென்று கடித்தான். 'என்னைவிட உயர்ந்தவன் ஒருவன் இந்த நாட்டில் இருப்பதா!' என்று கர்ஜித்தான்." புதிதாக எழுத வருகிற நண்பர்கள் படிக்கக் கொடுக்கும் பிரதிகளில் இந்த மூன்று வாக்கியங்களும் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகின்றன. கர்ஜிக்கும் மன்னனைக் கண்டு வாசகருக்குப் பயம் வராது. எதிரில் நிற்பவனுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது, அவன் தப்பிவிடுவான் என்று தெரிந்துவிடும். மேசையில் காகிதம் தேடுகிற மன்னனைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும்.

சாகச நாவலில் பொறாமைக்கார மன்னன் வெறும் வில்லன் அல்ல. கதையின் ஓட்டமே அவனிடமிருந்துதான் பிறக்கிறது. அவன் மனதில் இருப்பது ஆணையாக மாற வேண்டும், ஆணை பல கைகளைக் கடந்து போக வேண்டும், அந்தக் கைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில்தான் நாயகன் குதிரையை விரட்ட முடியும். இதைக் கவனிக்காமல் பொறாமையை உணர்ச்சியாக மட்டும் எழுதும்போதுதான் மற்ற எல்லாத் தவறுகளும் வந்து சேர்கின்றன. ஃபூக்கேயின் கதையையே கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கலாம்.

எதன் மேல் பொறாமை?

முதல் தவறு, மன்னனிடம் எல்லாம் இருப்பதாகக் காட்டிவிட்டு அவனைப் பொறாமைப்பட வைப்பது. எல்லாம் உள்ளவன் ஏன் பொறாமைப்பட வேண்டும்? அவனிடம் இல்லாதது எது என்பதை எழுத்தாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், பாத்திரங்கள் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

லூயிக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1649 ஜனவரியில் ஓர் இரவு, கலகத்துக்குப் பயந்து அவனைப் பாரிஸிலிருந்து ரகசியமாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்ந்த அரண்மனையில் கட்டில் மெத்தைகூடச் சரியாக இல்லை. அரசவையில் பலர் வைக்கோலில் படுத்தார்கள். 1651 பிப்ரவரியில், மன்னனை மறுபடி கடத்திக்கொண்டு போய்விட்டார்களோ என்ற சந்தேகத்தில் பாரிஸ் மக்கள் அரண்மனைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பையன் தூங்குவதுபோல் படுத்திருந்தான். அவர்கள் படுக்கையருகே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று தூங்குவதுபோல் நடித்த சிறுவன்தான் பத்து வருடம் கழித்துக் காகிதம் தேடுவதுபோல் நடித்தவன். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நாவலாசிரியன் கற்பனை செய்ய வேண்டியதை வரலாறே செய்து வைத்திருக்கிறது.

ஃபூக்கேயிடம் பணம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், நாடு முழுக்கக் கடன்பட்டவர்கள் இருந்தார்கள். 1658-ல் பிரெத்தான் கரைக்கு அப்பால் பெல்-ஈல் என்ற தீவை வாங்கிக் கோட்டையைப் பலப்படுத்தவும் தொடங்கியிருந்தார். அணிலைத் தன் சின்னமாக வைத்திருந்தார். 'எவ்வளவு உயரம்தான் ஏற மாட்டான்?' என்ற பொருள்பட ஒரு லத்தீன் வாசகமும் அதனுடன் உண்டு. தன் அரசவையே வைக்கோலில் படுத்த நினைவுள்ள ஒருவனுக்கு, கடலில் சொந்தக் கோட்டை வைத்திருக்கும் மந்திரி எப்படித் தெரிந்திருப்பார்? இங்கே பொறாமைக்கும் பயத்துக்கும் நடுவே கோடு போட முடியாது. போடவும் கூடாது.

ஒரே ராத்திரியில் மூளும் கோபம்

1661 ஆகஸ்ட் 17 அன்று, தான் புதிதாகக் கட்டிய வோ-லெ-விகோம்த் மாளிகையில் ஃபூக்கே மன்னனுக்கு விருந்து வைத்தார். கட்டடம் லெ வோ உடையது, ஓவியமும் அலங்காரமும் லெ பிரன், தோட்டம் லெ நோத்ர். மொலியேர் புதிதாக எழுதிய நாடகம் அன்றுதான் முதன்முதலாக அரங்கேறியது. வாணவேடிக்கை வேறு. அப்போது வெர்சாய் என்பது மன்னனின் அப்பா கட்டிய வேட்டை மாளிகை மட்டுமே. விருந்தைப் பார்த்து வயிறெரிந்த மன்னன் மூன்று வாரத்துக்குள் மந்திரியைச் சிறையில் தள்ளினான் என்றுதான் இந்தக் கதை காலம்காலமாகச் சொல்லப்படுகிறது.

சொல்லச் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படியல்ல. நான்கு மாதமாகவே தன் மனதில் இந்தத் திட்டம் இருந்ததாக லூயி அதே கடிதத்தில் எழுதுகிறான். அதாவது விருந்துக்கு வண்டி ஏறும்போதே முடிவு எடுத்தாயிற்று. தோட்டத்தில் நடந்தபோது, நாடகத்துக்குச் சிரித்தபோது, வாணவேடிக்கையை அண்ணாந்து பார்த்தபோது, இவ்வளவையும் ஏற்பாடு செய்த மனிதன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டில் எது நல்ல நாவல் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. வெடிக்கிற பொறாமை ஒரே ஒரு காட்சிக்குத்தான் தாங்கும். காத்திருக்கிற பொறாமை இருநூறு பக்கத்துக்குத் தாங்கும், ஏனென்றால் வாசகருக்குத் தெரிந்தது ஃபூக்கேக்குத் தெரியாது. ஒவ்வொரு தட்டு பரிமாறப்படும்போதும் வாசகர் பதறுவார். விருந்தில் மன்னனின் முகம் கறுத்தது என்று ஒரு வரி எழுதினாலே அந்தப் பதற்றம் போய்விடும்.

மன்னன் நினைத்தால் எதுவும் நடக்கும் என்ற நினைப்பு

நம் கதைகளில் அடிக்கடி வரும் தவறு இதுதான். மன்னன் கைதட்டுவான், காவலர்கள் ஓடிவருவார்கள், "இழுத்துச் செல்லுங்கள்!" என்பான், கதை முடிந்தது. முடியாட்சி எந்தக் காலத்திலும் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

ஃபூக்கே நிதிப் பொறுப்போடு பாரிஸ் உயர்மன்றத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியையும் வைத்திருந்தார். அந்தப் பதவியில் இருப்பவரை அந்த மன்றம்தான் விசாரிக்க முடியும். அங்கே அவருடைய ஆட்கள் அதிகம். எனவே முதலில் அந்தக் கவசத்தைக் கழற்ற வேண்டும். மன்னனுக்குப் பிரியமானவராக இருக்க அந்தப் பதவியை விற்பதே நல்லது என்ற எண்ணம் அவருக்குள் விதைக்கப்பட்டது. விற்றார். வந்த பணத்தில் பத்து லட்சம் லிவ்ரை (அன்றைய பிரெஞ்சுப் பணம்) மன்னனுக்கே கொடுத்தார். தன் கவசத்தைத் தானே கழற்றி, விலையையும் பகைவன் கையிலேயே கொடுத்த இந்த இடத்தை ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதலாம்.

கைது நாளையும் பாருங்கள். படை திரண்டால் சந்தேகம் வரும், அதனால் மன்னன் வேட்டைக்குப் போகப்போகிறான் என்று சொல்லி வீரர்களைக் குதிரையேறச் செய்தார்கள். அப்படியும் கோட்டையை விட்டு வெளியே வந்த ஃபூக்கேயைக் கூட்டத்தில் தார்தன்யான் தவறவிட்டுவிட்டார். பின்னால் துரத்திப் போய் தேவாலயச் சதுக்கத்தில்தான் பிடிக்க முடிந்தது. நான்கு மாதத் திட்டம், படைக்கே பொய்க்காரணம், கடைசி நாட்கள் வரை தாயைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை என்று அவனே எழுதிய ரகசியம், கடைசியில் சில நிமிட நழுவல். சாகச நாவலின் நாயகன் வாழ்வது அந்தச் சில நிமிடங்களில்தான். மன்னனைச் சர்வ வல்லமை உள்ளவனாக எழுதினால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். பிறகு நாயகன் தப்பிக்கத் தற்செயலைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. தனியாக ஒரு நீதிமன்றமே அமைத்தும், 1664 டிசம்பரில் 22 நீதிபதிகளில் 9 பேர்தான் மரண தண்டனை கேட்டார்கள். 13 பேர் நாடுகடத்தினால் போதும் என்றார்கள். மன்னன் அந்தத் தீர்ப்பை மாற்றினான், ஆனால் குறைக்கவில்லை. ஆயுள் சிறையாகக் கூட்டினான். நாடுகடத்தலுக்கு ஆதரவாகப் பேசிய நீதிபதி தோர்மேசோனுக்கு அதற்குப் பிறகு உயர்வே இல்லை. தண்டனையைக் குறைப்பதுதான் மன்னனுக்கு அழகு என்று கருதிய காலத்தில் ஒரு மன்னன் தண்டனையைக் கூட்டுகிறான் என்றால், பொறாமையைப் பற்றி அதற்குமேல் வசனம் எதற்கு?

காதில் ஓதுகிறவன், காலில் விழுகிறவன்

மன்னன் நல்லவன், பக்கத்தில் இருக்கிற நயவஞ்சக மந்திரிதான் கெட்டவன் என்று எழுதுவது நமக்கு ரொம்பப் பழக்கமான வழி. இங்கே அந்த வேடத்துக்குக் கோல்பெர் தயாராக நிற்கிறார். லூயியின் இளம் வயதில் ஆட்சியை நடத்திய முதன்மை மந்திரி மசாரினிடம் வேலை பார்த்து, அவருடைய சொத்துகளை நிர்வகித்து, 1661 மார்ச்சில் மசாரின் இறந்ததும் ஃபூக்கேயின் கணக்குகளை மன்னனுக்குத் தோலுரித்துக் காட்டியவர். ஆனால் பழியைக் கோல்பெர் தலையில் மொத்தமாகக் கட்டினால் மன்னன் பொம்மையாகிவிடுவான். பொம்மைக்குப் பொறாமை வராது. கோல்பெர் சொன்னதை லூயி கேட்டான் என்றால், கேட்க ஏங்கியதையே அவர் சொன்னார் என்பதுதான் காரணம்.

இதற்கு மறுபக்கம், பொறாமைக்கு ஆளானவரைப் பத்தரைமாற்றுத் தங்கமாக்குவது. ஃபூக்கே தன் சொந்த நாணயத்தின் பேரில் அரசுக்காகக் கடன் திரட்டியவர் என்பது உண்மை. அரசின் பணத்துக்கும் தன் பணத்துக்கும் நடுவே இருந்த எல்லையை அழித்தவர் என்பதும் உண்மை. வீட்டுச் சோதனையில், தன்னைக் கைது செய்தால் நண்பர்கள் எந்தெந்தக் கோட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவரே எழுதிவைத்த திட்டம் ஒரு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. மன்னனின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று வாசகர் ஒரு கணம் தடுமாற வேண்டும். தடுமாறினால்தான் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கணவனாகவும் இருக்கிற மன்னன்

தமிழில் எழுதும்போது ஒரு சொல்லிடத்தில் எச்சரிக்கை தேவை. அடுத்தவன் உயர்வு கண்டு வருவது பொறாமை. மனைவி விஷயத்தில் வருவதை நாம் சந்தேகம் என்போம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இரண்டும் மங்கிவிடும்.

பதினான்காம் லூயியின் தந்தை பதின்மூன்றாம் லூயியின் கதை இரண்டாவது வகை. 1625-ல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபு, தன் மன்னனுக்கு மணமுடித்த இளவரசியை அழைத்துப்போக பிரான்ஸ் வந்தார். அமியான் நகரத் தோட்டத்தில் ஒரு மாலை, லூயியின் மனைவியான அரசி ஆனிடம் அத்துமீறினார். லூயி அந்த ஊரிலேயே இல்லை. நோயுற்று வேறிடத்தில் இருந்தான். செய்தி அவனுக்குப் பிறர் வாய்வழிதான் வந்தது. அவன் செய்தது என்ன? அரசியின் பணியாட்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கினான்; பக்கிங்ஹாம் மறுபடி தூதராக வர அனுமதிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கையும் களவுமாகப் பிடிக்கும் கணவனாக அவனை எழுதுகிறவர்கள் மிக நல்ல ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள். பார்க்காததைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவன் பார்த்தவனைவிட ஆபத்தானவன்.

அவனுடைய சந்தேகம் படுக்கையறையோடு நிற்கவும் இல்லை. ஆன் ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்தவள். 1635 முதல் பிரான்சும் ஸ்பெயினும் போரில் இருந்தன. 1637-ல் அவள் சகோதரர்களுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதியது வெளிப்பட்டு, கடிதம் கொண்டுபோன பணியாள் லா போர்த் பஸ்தீய் சிறைக்குப் போனார். அவரும் அரசியும் ஒரே வாக்குமூலம் கொடுத்தால்தான் தப்பலாம். அரசியின் தோழி ஒருத்தி பணிப்பெண் வேடத்தில் சிறைக்கே போய் ஒரு கைதியிடம் கடிதம் கொடுத்ததையும், அது கைதிகள் கைமாறி மாடி மாடியாக இறங்கித் தன்னிடம் வந்ததையும் லா போர்த் பின்னாளில் எழுதியிருக்கிறார். வாள் உருவப்படவில்லை, ஆனாலும் இதைவிடப் பெரிய சாகசம் எனக்குத் தெரியவில்லை. மன்னனின் சந்தேகம் எவ்வளவு தூரம் நீள்கிறதோ, அவ்வளவு தூரம் எதிர்பக்கத்தின் சாமர்த்தியமும் நீள இடம் கிடைக்கிறது.

விழுந்த பிறகு

பொறாமைக்கு ஆளானவர் விழுந்ததும் மன்னனின் பகுதியை முடித்துவிடுவது கடைசித் தவறு. வோ மாளிகையை உருவாக்கிய மூவரையும் லூயி வெர்சாய்க்கு வரவழைத்தான். ஃபூக்கேயின் ஆரஞ்சு மரங்களும் அங்கேயே பெயர்க்கப்பட்டன. வெறுத்தவனின் ரசனையில்தான் ஐரோப்பாவே வியந்த அரண்மனை எழுந்தது.

ஃபூக்கே ஆல்ப்ஸ் மலையடியில் பிக்னெரோல் கோட்டையில் இருந்தார். பேனாவும் மையும் கொடுக்கக் கூடாது என்று கட்டளை. கோழி எலும்பைச் சீவிப் பேனாவாக்கி, புகைக்கரியை ஒயினில் குழைத்து மையாக்கி, கைக்குட்டையில் எழுதினார். தெரிந்ததும் காவல் இன்னும் இறுகியது. 1680-ல் அங்கேயே இறந்தார். அதற்குள் லூயி போர்களில் வென்று ஐரோப்பாவின் பெரிய மன்னனாகிவிட்டிருந்தான். வெர்சாயில் அந்த ஆரஞ்சு மரங்கள் ஒவ்வொரு கோடையிலும் அவன் நடக்கும் வழியில் பூத்துக்கொண்டிருந்தன.