குளூட்டனை நிறுத்தியபின் வாயும் தோலும் ஆறும் வரை

எனக்குச் சீலியாக் நோய்: கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைச் சேதப்படுத்தும். கோதுமையை நிறுத்திய மூன்றாவது வாரம், என் கீழுதட்டின் உட்புறம் இரண்டு புண், நாக்கின் ஓரத்தில் ஒன்று. முழங்கைக் கொப்புளங்களோ முன்பைவிட அதிகமாக அரித்தன. வயிறு மட்டும் அடங்கிவிட்டது. இந்த உணவு எனக்கு ஒத்துவரவில்லை என்று பழையபடி சாப்பிடத் தொடங்க இருந்தேன். வயிறு, வாய், தோல் மூன்றும் ஒரே வேகத்தில் ஆறாது, தோல்தான் கடைசி என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னும் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் குளூட்டனை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் குடல் பயாப்சியும் (சிறு துண்டுத் திசுவை எடுத்துப் பார்ப்பது) ஒன்றுமில்லை என்று காட்டிவிடக்கூடும்.

முதலில் வாய். புண் வந்தால் நான் காரமும் புளிப்பும் மொறுமொறுப்பும் தொடுவதில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சாப்பிட்டதும் கொப்பளிப்பேன். பற்பசை உறையில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நுரை வருவதற்காகச் சேர்ப்பது அது. சிலருக்கு வாய்ப்புண்ணைக் கூட்டும். அது இல்லாத பற்பசைக்கு மாறியதும் எனக்குப் புண் வருவது குறைந்தது. சின்னப் புண்கள் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைப் பல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ கட்டாயம் காட்டுங்கள்.

நாக்கு சிவந்து வழவழப்பாகிக் காந்தினாலோ, உதட்டோரம் வெடித்தாலோ அதை உணவு மாற்றத்தின் மீது போட்டுவிட்டு இருக்காதீர்கள். குடல் சேதமானால் இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 ஆகியவை சரியாக உடலில் சேராது. அந்தக் குறை வாயிலும் தெரியும். எனக்கு இரும்புச்சத்து மிகக் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்யத் தொடங்கிய பிறகுதான் நாக்கு எரிச்சல் விட்டது. எது குறைகிறது என்று ரத்தத்தில் பார்க்காமல் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

இனி தோல். தோல் மருத்துவர் ஒருவர் என் கொப்புளங்களைப் படை என்று சொல்லி எட்டு மாதம் களிம்பு தந்தார். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. முழங்கை, முழங்கால், பிட்டம், தலை என்று இருபக்கமும் ஒரே மாதிரி கொத்தாக அரிக்கும் கொப்புளம் வந்தால், "டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸாக இருக்குமா?" என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். சீலியாக் நோய் தோலில் காட்டும் முகம் அது. பயாப்சிக்குக் கொப்புளத்தை எடுக்கக் கூடாது. அதை ஒட்டியுள்ள நல்ல தோலைத்தான் எடுக்க வேண்டும். ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் படிவு அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

டாப்சோன் மாத்திரை சில நாட்களிலேயே அரிப்பை அடக்கும். ஆனால் குடலை ஆற்றாது, ஆகவே உணவுக் கட்டுப்பாட்டை விடக் கூடாது. தொடங்கும் முன் ஜி6பிடி பரிசோதனை அவசியம்; அந்த நொதி குறைந்தவர்களுக்கு ரத்த சிவப்பணுக்கள் சிதையும். மாத்திரை சாப்பிடும் காலத்திலும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவு மட்டுமே தோலைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட.

கட்டுப்பாட்டோடு இருந்தும் கொப்புளம் திரும்பினால் காரணத்தைச் சமையலறையில் தேடுங்கள். என் வீட்டில் குற்றவாளி, எல்லோரும் ரொட்டி வாட்டிய அதே டோஸ்டர். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை இருக்கும், மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி, ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கலாம். தோலில் பூசும் கிரீமைப் பற்றிப் பயம் வேண்டாம், குளூட்டன் தோல் வழியே உள்ளே போகாது. உதட்டுச்சாயம் வாய்க்குள் போகும், அதை மட்டும் பாருங்கள்.

கோதுமைக்குப் பதில் புதிதாகச் சேர்த்த சோயா, கொட்டைகள், பக்வீட் (பெயரில் மட்டுமே கோதுமை, குளூட்டன் இல்லாத தானியம்) போன்றவையும் ஒவ்வாமை தரலாம். ஒவ்வொன்றாகச் சேர்த்து, தேதியோடு குறித்து வையுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், ஒரு நிமிடமும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

என் குறிப்பேட்டில் 14ஆம் மாதம்: மருத்துவர் டாப்சோனை நிறுத்தினார். இடது முழங்கையில் பழுப்புத் தழும்பு. அரிப்பு இல்லை.