கண் முகாம் பேனரும் கண் திருஷ்டியும்: படம் வைக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை ஒன்றில் டிசைனராக உட்கார்ந்து 11 வருடம் ஆகிறது. சேர்ந்த புதிதில் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு ஒரு பேனர் கேட்டு வந்தார்கள். நான் ராத்திரி முழுக்க யோசித்து, பத்துக்கு ஆறு அடியில், கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பெரிய கண்ணை வைத்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கீழே ஓரமாகத் தேதியும் இடமும். அடித்து முடித்ததும் நானே இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், அவ்வளவு பெருமை. கட்டப் போன பையன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். "அண்ணே, அங்க ஒரு ஆயா, யாரு வீடு கட்டுறா, இவ்ளோ பெரிய திருஷ்டிப் படம் மாட்டுறீங்கன்னு கேக்குது" என்றான்.

அந்த ஆயா பார்த்ததில் தப்பே இல்லை. பெரிய கண்ணை அவர் அதற்கு முன் எங்கே பார்த்திருப்பார்? பாதி கட்டி நிற்கிற வீட்டில், பூசணிக்காய் பொம்மைக்குப் பக்கத்தில், லாரியின் பின்பக்கத்தில். அங்கிருந்துதான் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். நான் போட்டோஷாப் பாடத்தில் பார்த்த கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டேன். பார்க்கிறவர் ஏற்கெனவே எதைப் பார்த்திருக்கிறார் என்று கேட்காமல் படத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் என் முதல் தவறு, இன்றைக்கும் எங்கள் தொழிலில் அதிகம் நடக்கிற தவறும் அதுதான். அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு தாத்தா, எதிரே எழுத்து பெரிதிலிருந்து சிறிதாகப் போகிற பலகை என்று மாற்றிக் கொடுத்தேன். அழகு குறைவுதான். ஆனால் யாரும் வீடு எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த தவறு, முகம் தானாகவே பேசிவிடும் என்று நம்புவது. ஒருவருடைய மணிவிழாவுக்கு பேனர் அடித்தோம். மெரூன் பின்னணி, தங்க பார்டர், நடுவில் அவர் லேசாக உதட்டைப் பிரித்த மாதிரி ஒரு ஸ்டூடியோ போட்டோ. "அப்பா முகத்துல என்ன ஒரு நிறைவு" என்றார் மகள். ஆறு வருடம் கழித்து அதே மகள், அதே போட்டோவைக் கண்ணீர் அஞ்சலிக்குக் கொண்டு வந்தார். கருநீலப் பின்னணி, மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம், மறைவு. திரையில் பார்த்துவிட்டு, "அப்பவே பாருங்க, கண்ணுல எவ்ளோ ஏக்கம்" என்றார். முகத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

1920ஐ ஒட்டி, ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் இதையே சோதித்துப் பார்த்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்துக்கு அடுத்து, ஒரு தடவை சவப்பெட்டிக்கு அடுத்து, ஒரு தடவை ஒரு பெண்ணுக்கு அடுத்து ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடிப்பைப் பாராட்டினார்களாம். அந்தப் படச்சுருள் இப்போது இல்லை, அவரும் அவரோடு இருந்தவர்களும் சொல்லித்தான் தெரியும். ஆனால் நம்புவதற்கு எனக்கு ரஷ்யா வேண்டாம், எங்கள் கடை ஹார்ட் டிஸ்க் போதும்.

இதனால்தான் பேனரை எதற்குப் பக்கத்தில் கட்டப் போகிறார்கள் என்றும் நான் கேட்பேன். கல்யாண பேனருக்கு நேர் கீழே கண்ணீர் அஞ்சலியைக் கட்டிவிட்டால், மேலே சிரிக்கிற மாப்பிள்ளையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ரெண்டுமே நல்ல டிசைனாகத்தான் இருக்கும், என்ன பிரயோஜனம்?

நிறத்துக்கு வருகிறேன். புதுமனை புகுவிழாப் பத்திரிகைக்குக் கறுப்பில் தங்க எழுத்து வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார், போனில் மாதிரியும் காட்டினார், உண்மையிலேயே அழகாக இருந்தது. பாட்டி பார்த்ததும் பத்திரிகையைக் கையில் வாங்கவே இல்லை. வெளியூர் டெம்ப்ளேட்டில் கறுப்பு என்றால் பணக்காரத்தனம், பாட்டிக்குத் துக்கம். மஞ்சளும் அப்படித்தான், எச்சரிக்கை நிறம் என்று பாடம் சொல்கிறது, நம் வீட்டில் பத்திரிகையின் நான்கு மூலையிலும் அதைத் தடவித்தான் அனுப்புகிறோம். வானிலை மையம் நிறத்தில் எச்சரிக்கை விடும்போது மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு என்று அர்த்தம். எங்கள் தெருவில் சிவப்பைத் தவிர மற்ற இரண்டையும் யாரும் சட்டை செய்வதே இல்லை. ஆரஞ்சில் செய்ய வேண்டிய வேலையைச் சிவப்பில் செய்ய ஓடினால் கடையில் மெழுகுவத்தி இருக்காது.

நிறத்தை மட்டும் நம்பி அர்த்தத்தை வைப்பது இன்னொரு தவறு. உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று பல வருடம் இருந்தது. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிகிற நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒரே வட்டம். 2020இல் வந்த லேபிள் விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். நீங்கள் ஒரு வரைபடமோ விலைப்பட்டியலோ போட்டால், அதைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிலும் புரிந்தால் சரி.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் புயல் கூண்டு, அதாவது துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் குறி. "கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 3ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்று டிவியில் ஓடாத ஐப்பசி கார்த்திகை உண்டா? ஆனால் அந்தக் கூண்டை நேரில் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பகலில் கூம்பும் உருளையுமாக மேலே தொங்கும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண். எண் ஏற ஏற ஆபத்தும் ஒவ்வொரு படியாக ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 5, 6, 7 மூன்றும் ஆபத்தில் ஒரே வகை. புயல் துறைமுகத்தை இடது பக்கம் விட்டுக் கடக்குமா, வலது பக்கம் விட்டா, துறைமுகத்தின் மேலேயே அல்லது பக்கத்திலேயே கடக்குமா என்பதுதான் வித்தியாசம். 8, 9, 10இலும் அதே வரிசை, புயல் மட்டும் பெரியது. 11 என்றால் எல்லாவற்றையும் விடப் பயங்கரமான புயல் என்று நினைப்பீர்கள். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கூம்பைப் பார்த்து யாரும் இதையெல்லாம் ஊகிக்க முடியாது. சொல்லிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் அது மொழி, மற்றவர்களுக்கு இரும்புச் சாமான். புதிதாக ஒரு ஐகானை உருவாக்கி, "பார்த்தாலே புரியும் சார்" என்று சொல்கிற டிசைனர்கள் (நானும்தான்) ஒரு தடவை துறைமுகம் பக்கம் போய்விட்டு வரலாம்.

புயல் பாதைப் படத்திலும் இதே சிக்கல். கடலில் ஒரு புள்ளியில் ஆரம்பித்து, கரையை நோக்கி வர வர அகலமாகிற ஒரு பட்டை போட்டிருப்பார்கள். புயல் வர வரப் பெருக்கிறது என்று பாதிப் பேர் படிக்கிறார்கள். அது புயலின் பருமன் இல்லை, அதன் மையம் எந்தெந்த இடம் வழியாகப் போகலாம் என்ற கணிப்பு. நாள் தள்ளத் தள்ளக் கணிப்பில் நிச்சயம் குறையும், அதனால் பட்டை அகலும். ஆகவே "நம்ம ஊரு பட்டைக்கு வெளியே இருக்கு" என்று நிம்மதியாகப் படுக்கக் கூடாது, மையம் எங்கோ போனாலும் மழை இங்கே கொட்டும்.

புயல் என்றதும் எழுத்தில்லாத படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படம் எனக்குப் பார்த்த மாதிரியே இருந்தது. இருக்காதா பின்னே? ‘தானே’ புயல் சமயத்தில் நானே சேமித்து வைத்திருந்த படம். மரம் விழுந்தது உண்மை, தெருவும் உண்மை, வருடம் மட்டும் பொய். படத்துக்குள் வருடம் எழுதியிருக்காது, மேலே போடுகிற ஒரு வரிதான் அதை முடிவு செய்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது சொன்னதும் இதுதான். படத்துக்குப் பல அர்த்தம் வரலாம், பக்கத்தில் இருக்கிற எழுத்து நங்கூரம் மாதிரி அதை ஓர் இடத்தில் நிறுத்துகிறது என்றார். எங்கள் ஊர்க் கடற்கரை தேவனாம்பட்டினத்தில் நங்கூரம் போடாத படகு என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். நீங்கள் படம் போடும்போது எங்கே, எப்போது என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள். அடுத்தவர் போட்டதைப் பார்க்கும்போது கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி எண் கடலூரின் டிஎன் 31ஆ, புதுச்சேரியின் பிஒய் 01ஆ என்று பெரிதாக்கிப் பாருங்கள், கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படம் என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

தலைப்பிலும் ஒரு தவறு உண்டு. மரம் விழுந்த படத்துக்குக் கீழே "மரம் விழுந்த காட்சி" என்று எழுதுவது. அது தெரிகிறதே ஐயா, தெரியாததை எழுதுங்கள்.

கேமரா செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி கடற்கரைச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சாயங்காலம் ஒரு முனையில் நின்று ஜூம் போட்டு எடுத்தால், பத்தடி இருபதடி தள்ளி நடக்கிறவர்கள் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிற மாதிரி வரும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் அதே கூட்டம் காலியாகத் தெரியும். இரண்டும் பொய் இல்லை. அங்கேயே காந்தி சிலையைக் கீழேயிருந்து எடுத்தால் வானத்தைத் தொடுவார், தள்ளி நின்று எடுத்தால் தூண்களுக்கு நடுவே யாரோ ஒரு பெரியவர் நடந்து போகிற மாதிரி இருக்கும்.

படம் கொடுக்கிற வாக்கை மறப்பதும் தவறுதான். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீட்டை விருந்தினர் விடுதி ஆக்கிய ஒருவர், விளம்பரத்துக்கு பிரெஞ்சுப் பகுதி மாதிரி மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் வேண்டும் என்றார். அவர் வீட்டில் திண்ணை, மரத்தூண், முற்றம், அதில் மழை விழுகிற அழகு. எதையும் போட வேண்டாமாம், பாண்டிச்சேரி என்றால் மஞ்சள் சுவர்தானாம். போட்டுக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்டது, மஞ்சள் சுவர் எங்கே என்று.

அப்புறம் முகங்களை அடைப்பது. ஒரு காதணி விழா பேனரில் 43 முகம் வைத்தேன், குழந்தை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இங்கே முகத்தின் அளவுதான் மரியாதை, தாய்மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிட ஒரு இஞ்ச் குறைந்தால் பந்தியில் தெரியும். இது புரியாமல் "சிம்பிளா வைக்கலாம் சார்" என்று டிசைன் பாடம் எடுத்தால் ஆர்டர் போய்விடும். பாரதிக்கு முண்டாசு, மீசை, இரண்டு கண் போதும், தாய்மாமனுக்குப் போதாது.

இப்போதெல்லாம் எதை அடிப்பதற்கு முன்பும் போனில் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் எதிர் டீக்கடை மாஸ்டரிடம் காட்டுவேன். விளக்கம் சொல்ல மாட்டேன், ஐந்து எண்ணுவதற்குள் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்பேன். சொட்டு மருந்து முகாமுக்காகச் சிரிக்கிற குழந்தை ஒன்றைக் காட்டியபோது, "யாருக்கு, மொத பொறந்த நாளா?" என்றார். திரும்ப வந்து, வாயைத் திறந்த குழந்தை, மேலே இரண்டு சொட்டு என்று மாற்றிக் கொண்டுபோனேன். டீ ஆற்றுவதை நிறுத்தாமலே ஒரு பார்வை பார்த்தார்.

"போலியோ. வர்ற ஞாயித்துக்கிழமையா?"