மக்காச்சோளம் கட்டுபடியாகாத மாதங்களில் வளர்பன்றிக்கு என்ன போடலாம்?

திண்டிவனம் பக்கத்தில் நாற்பது வெண்பன்றிகள் வைத்திருக்கிறேன். மக்காச்சோளத்துக்குக் கோழிப்பண்ணைகளும் எத்தனால் ஆலைகளும் போட்டி போடுகின்றன. விலை ஏறினால் என்னைப் போன்ற சின்னப் பண்ணைக்குத் தாங்காது. அதனால் 25 முதல் 50 கிலோ வரையுள்ள குட்டிகளுக்குத் தானியத்தை மாற்றிப் போடப் பழகிக்கொண்டேன்.

என் முதல் தேர்வு கம்புதான், எங்கள் மாவட்டத்திலேயே விளைகிறது. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம் என்றால் கம்பில் 11, 12 வரும். தானியத்தில் பாதியைக் கம்பாக்கினேன், வளர்ச்சி குறையவில்லை. ஆனால் அரைத்தே ஆக வேண்டும். முதல் வருடம் ஊறவைத்தால் போதும் என்று முழுக் கம்பைப் போட்டேன். குட்டிகளும் ஆசையாகத்தான் தின்றன. மழை பெய்ததும் பார்த்தால் எருக்குழி முழுக்கக் கம்புப் பயிர்! காசு எங்கே போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது மில்லில் 3 மி.மீ. சல்லடை போட்டு ரவைப் பதத்துக்கு அரைக்கச் சொல்கிறேன். நைஸ் மாவாக வேண்டாம். தூசி பறக்கும், இரைப்பையில் புண்ணும் வரலாம். மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். எலிப்புழுக்கை போலக் கறுப்புத் துண்டுகள் கிடந்தால் அது தேன் ஒழுகல் நோய் கண்ட கம்பு. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சினைப்பன்றி தின்றால் ஈன்றபின் பால் சுரக்காது.

100 கிலோ தீவனத்துக்கு என் கணக்கு இது: மக்காச்சோளம் 30, கம்பு 30, சோயாப் புண்ணாக்கு 20, அரிசித் தவிடு 17.5, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். கம்பில்தான் புரதம் இருக்கிறதே என்று சோயாவில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். குட்டிக்குச் சதை போட லைசின் என்ற புரதக் கூறு வேண்டும், அது எந்தத் தானியத்திலும் போதாது. தவிடு புதிதாக இருக்கட்டும். அதில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், அப்புறம் குட்டி முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

சோளம் வாங்கினால் வெள்ளைச் சோளம் பாருங்கள். சிவப்பு, பழுப்பு மணிகளில் பலவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும், புரதம் செரிக்காமல் தடுக்கும். ஆரணி அரிசி ஆலைகளில் நொய் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். நார் குறைவு, நன்றாகச் செரிக்கும், பால் மறந்த குட்டிக்குக்கூட ஒத்துக்கொள்ளும். புரதம் மட்டும் 8 சதவீதம்தான் என்பதால் நொய் அதிகம் சேர்த்தால் சோயாவை ஒன்றிரண்டு கிலோ கூட்டுவேன். ராகியை நான் தொடுவதில்லை, எங்கள் பக்கம் அதன் விலைக்கு மக்காச்சோளமே தேவலாம்.

எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால்வாசியை எடுத்துப் புதியதைச் சேர்த்து, ஒரு வாரத்தில் முழுதாக மாறுங்கள். சாணம் இளகினால் இரண்டு நாள் அதே அளவில் நிறுத்துங்கள். மாறிய அன்றே நாலைந்து குட்டிகளுக்குக் காதில் அடையாளம் போட்டு எடை பார்த்துவிடுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே குட்டிகளைத் தராசில் ஏற்றும்போது ஒவ்வொன்றும் ஆறு கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நான் முதலில் போய்ப் பார்ப்பது மில்லின் சல்லடையைத்தான்.